மூன்று கட்டளையில் வைஃபை

லினக்ஸில் வைஃபை வரவில்லையா? கிட்ஹப்பிலிருந்து டிரைவரை இறக்கு, கம்பைல் செய், ஏற்று. பயிற்சி முகாம்களில் இப்போது இதுதான் பாடம். 'பிள்ளைகளுக்கு முதலில் நெட் வரட்டும், கெர்னல் கதையெல்லாம் அப்புறம்' என்று இதற்கு நியாயமும் சொல்கிறார்கள்.

நியாயம் இல்லாமல் இல்லை. வள்ளூர், அத்திப்பட்டுப் பக்கம் பல வீடுகளில் இருப்பது அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய பழைய அரசு இலவச லேப்டாப். 2011-இல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. அதில் புது லினக்ஸ் போட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய வைஃபை டாங்கிளைச் செருகுபவருக்கு உடனடி வழி வேண்டும்தான். பிராட்காம், ரியல்டெக் சிப்புகளுக்காகப் பல்லாண்டு உழைத்து 2024-இல் மறைந்த லாரி ஃபிங்கரே கிட்ஹப்பிலும் டிரைவர்களை வைத்திருந்தார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கெர்னலுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வித்தியாசம் அங்கேதான். கெர்னலின் உள் இடைமுகங்கள் அடிக்கடி மாறும். மாற்றுகிறவரே உள்ளே இருக்கும் டிரைவர்களையும் திருத்திவிடுவார். வெளியே கிடப்பதை அவர் தொடமாட்டார். டி.கே.எம்.எஸ். இருக்கிறதே என்பார்கள். அது புதுக் கெர்னலுக்கு அதே டிரைவரை மறுபடி கம்பைல் செய்து பார்க்கும், அவ்வளவுதான். கோட் ஒத்துவராவிட்டால் அப்டேட் முடிந்த மறுநாள் வைஃபை இருக்காது. திருத்தம் தேடவும் நெட் இருக்காது. இப்படி ஒருமுறை பட்ட மாணவர் அப்புறம் அப்டேட்டே செய்வதில்லை. முகாமில் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

விளைவு சிறியதல்ல. 2021-இல் ஃப்ராக்அட்டாக்ஸ் என்ற வைஃபை ஓட்டைகள் வெளிவந்தபோது, லினக்ஸின் பொதுவான வைஃபை அடுக்கான மேக்80211-இல் திருத்தம் வந்தது. ரியல்டெக்கின் வெளி டிரைவர்கள் பல அந்த அடுக்கைப் பயன்படுத்துவதே இல்லை. தமக்கென்று தனி அடுக்கைச் சுமக்கின்றன. கெர்னலைப் புதுப்பித்தாலும் அந்தத் திருத்தம் அவற்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. இதற்கு மேல், செக்யூர் பூட் ஏற்கும்படி டிரைவர் மாட்யூலில் கையொப்பமிடச் சொல்லித்தராமல் 'செக்யூர் பூட்டை அணைத்துவிடு' என்கிறார்கள். ஒரு டாங்கிளுக்காகக் கணினியின் பூட் காவலையே எடுத்துவிடச் சொல்வது பயிற்சியே அல்ல.

சொல்லித்தர வேண்டியது வாங்குவதற்கு முன்பே இருக்கிறது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப். கெர்னலிலேயே டிரைவர் உண்டு. இரண்டாம் பதிப்பில் பெயர் அதேதான், உள்ளே ரியல்டெக். கடைக்காரரிடம் பிராண்டைக் கேட்டுப் பயனில்லை. கடையிலேயே செருகி எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். பலர் வைத்திருக்கும் ஆர்டிஎல்8812ஏயூ சிப்புக்கு 2025-இல் வந்த கெர்னல்களிலேயே டிரைவர் இருக்கிறது. அதற்கும் பழைய கிட்ஹப் கட்டளைகளையே இன்னும் எழுதிக் கொடுக்கிறார்கள்.