ஏப்ரல் மாதத்து கவுனும் 'எத்திக்கல்' என்ற சொல்லும்

இங்கிலாந்தில் ஏப்ரல் மாதத்தைக் கழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கை விறைக்கும். மதியம் வெயில் அடிக்கும். எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கிட்டு புல்வெளியில உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவாங்க. மூணு மணிக்கு மழை. வீடு திரும்பும்போது மறுபடி வெயில், ஆனா காற்று மட்டும் குத்தும்.

ஒரு ப்ராஜெக்டுக்காக மான்செஸ்டரில் இருந்தபோது எனக்கு ஒரு ஜாக்கெட்டும் இரண்டு ஜீன்ஸும் போதுமானதாக இருந்தன. என் மனைவிக்கு அப்படி இல்லை. "குளிர்காலம் பூரா மூட்டை மாதிரி திரிஞ்சாச்சு, இனிமேலாவது கொஞ்சம் அழகா உடுத்தணும்" என்றார். அதோடு இன்னொரு நிபந்தனையும் வைத்தார்: யாரையும் கசக்கிப் பிழிந்து தைத்த துணியாக இருக்கக் கூடாது. அப்படித்தான் 'வசந்தகாலத்துக்கான பெண்மை மிளிரும் எத்திக்கல் உடைகள்' என்கிற வகை எழுத்துக்குள் இரண்டு பேரும் நுழைந்தோம். பத்திரிகைகளின் வார இறுதிப் பக்கங்கள், உடைக் கம்பெனிகளின் பருவகாலக் கையேடுகள் என்று நிறைய வாசித்தோம். இந்தக் குறிப்பு அந்த வகை எழுத்தைப் பற்றிய என் விமர்சனம். ஒரு தனிப் பத்திரிகையையோ கட்டுரையாளரையோ குறிவைத்ததல்ல.

அவர்கள் சரியாகச் சொல்வது

முதலில் பாராட்டிவிடுகிறேன். இந்த வழிகாட்டிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே உடையைத்தான் சொல்கின்றன. உள்ளே பூப்போட்ட பருத்தி கவுன், அதன்மேல் மெல்லிய கம்பளி கார்டிகன், வெளியே ட்ரெஞ்ச் கோட், காலுக்கு டைட்ஸ். எஞ்சினியராகப் பார்த்தால் இது நல்ல வடிவமைப்பு. அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது; வெயில் வந்தால் ஒரு அடுக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் நனைந்த மாதிரி தெரியாது. பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சில்லிடும். அதனால்தான் பருத்தி உள்ளே, கம்பளி நடுவில். வெளியடுக்கான கபர்டீன் துணி 1879-ல் தாமஸ் பர்பெரி கண்டுபிடித்தது. நெய்வதற்கு முன்பே நூலை நீர் ஏறாதபடி பதப்படுத்தி, பிறகு நெருக்கமாக நெய்வது அவருடைய உத்தி. மழை தங்காது, வியர்வை ஆவியாகப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை. கார்டிகன் என்ற பெயர் கிரீமியப் போரில் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபுவிடமிருந்து வந்தது. ட்ரெஞ்ச் கோட் முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து வந்தது. ஆக, 'பெண்மை மிளிரும்' உடையில் மேலே இருக்கிற இரண்டு அடுக்குமே போர்க்கள ஆண்களுடையவை. பெண்மை என்று அவர்கள் சொல்வது முழுக்க உள்ளே இருக்கிற அந்தப் பூப்போட்ட துணியைத்தான். அந்தத் துணியின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வானிலை ஒரு சாக்கு

என் முதல் புகார், இந்த எழுத்து வானிலையைக் கடைக்குப் போவதற்கான சாக்காக ஆக்குகிறது. 'பருவமாற்றத்துக்கான உடை' என்று ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். ஆனா அடுக்கு முறையின் தர்க்கமே நேரெதிரானது. அதே கவுன் ஜனவரியில் கம்பளி டைட்ஸோடு போகும், ஜூலையில் தனியாகப் போகும். மூன்று கவுன், இரண்டு கார்டிகன், இரண்டு கோட் இருந்தால் பன்னிரண்டு சேர்க்கைகள். ஏப்ரலுக்கென்று தனித் துணி தேவையே இல்லை. இருப்பதைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். மே முடியும்வரை ஒரு துணியையும் கழற்றாதே என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. (மே என்பது மாதமா, அந்த மாதத்தில் பூக்கும் ஹாதார்ன் பூவா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.) கழற்றாதே என்றுதான் பழமொழி சொல்கிறது, வாங்கு என்று சொல்லவில்லை.

இரண்டாவது, இழை பற்றிய மேம்போக்கு. கடைகளில் தொங்கும் பூப்போட்ட கவுன்களில் கணிசமானவை பருத்தி அல்ல, விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து வருவதால் 'இயற்கை' என்று எழுதிவிடுகிறார்கள். மரக்கூழை இழையாக்கக் கார்பன் டைசல்பைடு தேவை. அதைச் சுவாசிக்கும் தொழிலாளிகளின் நரம்பும் மனநிலையும் கெடுவது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். மருத்துவர் பால் பிளாங்க் 2016-ல் 'ஃபேக் சில்க்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கரைப்பானை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் லயோசெல் முறை இதைவிட எவ்வளவோ மேல். இரண்டையும் 'தாவர இழை' என்று ஒரே வரியில் எழுதுவது சோம்பேறித்தனம்.

1719-ல் லண்டன் தெருவில்

இப்போ அந்தப் பூப்போட்ட துணி. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெண்களுக்கு இது சோழமண்டலக் கரையிலிருந்து போனது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கத்துத் துறைமுகங்கள் வழியாக. சாயவேரில் ஏற்றிய சிவப்பு துவைத்தாலும் போகாது. ஐரோப்பாவில் அதுவரை பார்க்காத அதிசயம் அது. பட்டைவிட லேசு, கம்பளியைவிட எளிதாகத் துவைக்கலாம், விலையும் கம்மி. பணக்கார வீட்டுப் பெண்ணும் அவள் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஒரே மாதிரி உடுத்த முடிந்தது.

உள்ளூர் நெசவாளர்களுக்கு வேலை போனது. அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதிக்கு 1701-ல் தடை வந்தது. அதுவும் போதவில்லை. 1719 கோடையில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் லண்டன் தெருக்களில் இறங்கி, பருத்தி உடுத்திய பெண்களைத் துரத்தினார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள், உடையைக் கிழித்தார்கள். 1721-ல் அச்சிட்ட பருத்தியில் பெரும்பாலானதை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது.

நெசவாளர்களின் பசி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனா அடி யார் மேல விழுந்தது? கப்பலில் கொண்டுவந்த கம்பெனி மேல இல்லை, விற்ற வியாபாரி மேல இல்லை. தெருவில் நடந்துபோன பெண் மேல. துணியின் நியாய அநியாயத்தை உடுத்தியவள் தலையில் கட்டுவது அப்போதே தொடங்கிவிட்டது.

இன்றைய வழிகாட்டி அமிலம் வீசுவதில்லை, இனிமையாகப் பேசுகிறது. ஆனா பொறுப்பை வைக்கும் இடம் அதேதான்: 'பொறுப்போடு தேர்ந்தெடுங்கள் தோழி.' எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

டிபெண்டன்சி பிரச்சினை

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு 2021 டிசம்பர் மறந்திருக்காது. லாக்4ஜே நூலகத்தில் ஓட்டை என்று செய்தி வந்ததும் உலகம் முழுக்க எல்லா டீமும் ராத்திரி முழுக்க உட்கார்ந்தது. எங்கள் கோடில் தப்பில்லை. எங்கள் கோட் நம்பியிருந்த ஒன்று நம்பியிருந்த இன்னொன்றில் தப்பு. முதல் பிரச்சினையே, நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோமா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான்.

துணியும் இப்படித்தான். கடைக்குப் பின்னால் தையல் யூனிட், அதற்குப் பின்னால் சாயப்பட்டறையும் நெசவும், அதற்குப் பின்னால் நூற்பாலை, ஜின்னிங், கடைசியில் பருத்திக் காடு. 'எத்திக்கல்' என்ற சொல் இதில் எதுவரை போகிறது? வழிகாட்டிகள் முத்திரைகளை வரிசையாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனா ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 துணியில் தீங்கான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும், கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பருத்தி மேல் வரும் ஃபேர்டிரேட் முத்திரை விவசாயிக்குக் கிடைத்த விலையைப் பற்றியது, தைத்தவரைப் பற்றியது அல்ல. காட்ஸ் இவற்றில் அகலமானது. ஜின்னிங், நூற்பு, சாயம், தையல் எல்லாவற்றையும் தொடுகிறது, தொழிலாளர் நிபந்தனைகளும் உண்டு. ஆனா அதுவும் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போகும் முறைதான். 2020-ல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி பொய்ச் சான்றோடு ஆர்கானிக் என்று போயிருப்பதை காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது.

வந்து பார்த்துவிட்டுப் போகும் முறைக்கு எல்லை எங்கே என்பதற்கு மிகக் கொடுமையான உதாரணம் கராச்சி. 2012 செப்டம்பரில் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது.

'உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் பயமில்லை' என்பது இன்னொரு வழக்கமான வரி. 2020-ல் லெஸ்டர் நகரத் தையல் யூனிட்டுகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் பாதிகூடக் கொடுக்கவில்லை என்று பத்திரிகையில் வந்ததே, அது இங்கிலாந்துக்குள்தான் நடந்தது.

புகைப்படத்தில் இல்லாத பெண்

என் பெரிய மனக்குறை இதுதான். 'பெண்மை' என்பது இந்த எழுத்தில் உடுத்துகிறவளுக்கு மட்டும் உரியதாக இருக்கிறது. சில நல்ல கட்டுரைகள் தையல்காரப் பெண்ணின் படத்தைப் போடுகின்றன. நூல் நூற்றவளின் படத்தை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு வேடசந்தூர் பக்கம். இந்தியாவின் நூற்பாலைகளில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில்தான், அதிலும் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் திரும்பின பக்கமெல்லாம் மில். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ரோட்டில் போகும் மில் பஸ்ஸுக்குள் பதினெட்டு இருபது வயதுப் பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். சுமங்கலித் திட்டம் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் விட்டுப் போனால் பல இடங்களில் அதுவும் போச்சு. 2014-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் ஐந்து தமிழ்நாட்டு நூற்பாலைகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, வெளியே போக விடாத ஹாஸ்டல்கள், நீண்ட வேலை நேரம், ஒப்பந்தப் பத்திரம் இல்லாத வேலை என்று பட்டியலிட்டது.

பிரிட்டனில் 2015-ல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது. 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் தங்கள் சங்கிலியில் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று வருடா வருடம் அறிக்கை போட வேண்டும். நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்ளும்!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் நம்ம ஊரிலிருந்தே. 2021-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸும், துணி வாங்கிய எச் அண்ட் எம் போன்ற கம்பெனிகளும் அதற்குச் சட்டப்படி கட்டுப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், தையல் மட்டுமல்ல நூற்பாலையும் சேர்த்து. மெஷின் பக்கத்தில் வேலை பார்த்த பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். ஒரு நாள் வந்து போகும் ஆய்வாளருக்கும் தினமும் அங்கேயே இருக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. 'எத்திக்கல்' என்று எழுதுகிறவர்களில் யாராவது இதைக் குறிப்பிட்டிருப்பார்கள் என்று தேடினேன், நான் வாசித்தவற்றில் இல்லை.

கடைசியில் என்ன உடுத்தினார்?

கார்டிகனும் ட்ரெஞ்ச் கோட்டும் சாரிட்டி ஷாப்பில் வாங்கினார். இரண்டுமே பழசு. கோட்டின் பெல்ட்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. டைட்ஸ் ஏற்கெனவே இருந்தது. கவுன் மட்டும் புதுசு, வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. 'எத்திக்கல்' வரிசையில் விற்ற ஒரு கடையில் எடுத்தது. வீட்டுக்கு வந்து லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கு. நூலு நம்ம ஊர்ப் பக்கமா இருக்குமோ?" என்றார்.

கம்பெனிக்கு மெயில் எழுதினோம். இந்த நூல் எந்த மில்லில் நூற்றது? அங்கே தொழிற்சங்கம் உண்டா? இரண்டே கேள்விகள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். தைத்த யூனிட் இருக்கும் ஊரின் பெயர் இருந்தது, எங்கள் சப்ளையர்கள் அனைவரும் எங்கள் நெறிமுறைகளைப் பின்பற்றுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. மில்லைப் பற்றி ஒன்றும் இல்லை. மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன், லாக்4ஜே நேரத்தில் எங்களுக்குத் தெரியாத மாதிரி.

அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை, சம்பளம் வாங்கி எழுதுகிறவர்களுடையது. கவுனின் படத்துக்குக் கீழே விலை போடுகிறார்கள், இழை போடுகிறார்கள், எந்த செருப்போடு பொருந்தும் என்று போடுகிறார்கள். 'நூல் நூற்ற இடம்: கேட்டோம், கம்பெனி சொல்லவில்லை' என்று இன்னொரு வரி சேர்த்தால் கட்டுரையின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

மனைவி அந்தக் கவுனை இன்னும் போடுகிறார். மான்செஸ்டரில் ஐந்து ஏப்ரல், இப்போ சென்னையில் கார்டிகன் இல்லாமல். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் வேடசந்தூர் ரோட்டில் மில் பஸ் எங்களைக் கடந்து போகிறது.