எழுதக் கற்ற முதுமை: ராஸ்சுந்தரி தேவியின் தன்வரலாறு

ராஸ்சுந்தரி தேவியின் ‘ஆமார் ஜீபன்’ (‘என் வாழ்க்கை’) என்னும் வங்காள நூலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே காட்சியில் தொடங்கி அக்காட்சியிலேயே முடித்துக்கொள்கின்றனர். புகை படிந்த அடுக்களை. அதில் முக்காட்டுக்குள் முகம் மறைத்த இளம் மருமகள். அவள் மறைத்துவைத்திருக்கும் ஒற்றை ஏடு. காட்சி அழகானதுதான். ஆயினும் அந்நூலை இருமுறை வாசித்து முடித்தபின் நமக்கு ஒன்று தோன்றிற்று. ஏட்டை ஒளித்துவைத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். நூலை எழுதியவரோ அறுபதை நெருங்கிய கைம்பெண். அதை விரித்து முடித்தபோது அவருக்கு வயது எண்பத்தெட்டு. இளையவளைக் கொண்டாடும் அவசரத்தில் முதியவரை நாம் மறந்துவிடுகிறோம்.

வரலாறு இதுதான். இன்றைய வங்காளதேசத்தில் உள்ள பாப்னா மாவட்டத்துப் பொதாஜியா என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ராஸ்சுந்தரி. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். பன்னிரண்டு வயதில் ஃபரித்பூர் மாவட்டத்து ராம்தியாவில், நிலபுலன் மிகுந்த ஒரு வீட்டுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டார். பதினெட்டில் முதற் பிள்ளை. நாற்பத்தொன்றில் கடைசிப் பிள்ளை. மொத்தம் பன்னிரண்டு பேறுகள். அவர்களுள் பலரைத் தம் கண்முன்னே பறிகொடுத்தார். மாமியார் நோயுற்றபின் குடும்பப் பாரம் முழுவதும் அவர்மேல் விழுந்தது. 1868இல் கணவர் மறைந்தார். அதன்பின் வெளிவந்ததே இந்நூல். முதற் பதிப்பு 1868இலேயே வந்தது என்பாரும் உளர், 1876இல் என்பாரும் உளர். இரண்டாம் பாகமும் சேர்ந்த பதிப்பு 1897இல் வெளியாயிற்று. வங்காள மொழியில் எழுதப்பட்ட முதல் முழுமையான தன்வரலாறு என்று அறிஞர் இதனைக் குறிப்பிடுகின்றனர். ஆண்களிலும் எவரும் அதற்குமுன் அம்மொழியில் அவ்வாறு எழுதியிருக்கவில்லை என்பதைச் சற்று நிதானித்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுக்களைக் காட்சியை நாமும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெண் படித்தால் கைம்பெண் ஆவாள் என்று நம்பிய காலம் அது. பெண்கள் ஏடெடுக்கும் கலிகாலம் பிறந்துவிட்டதே என்று ஊர்ப் பெரியவர்கள் நொந்துகொள்வது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒருநாள் ‘சைதன்ய பாகவதம்’ என்னும் பக்தி நூலைத் தாம் வாசிப்பதாகக் கனவு கண்டார். அந்நூலை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அன்றே கணவர் அடுக்களைப் பக்கம் வந்து, அந்த நூலை அங்கே வைத்துப்போவதாகவும் கேட்கும்போது எடுத்துவரும்படியும் சிறுவனான மகனிடம் சொல்கிறார். கட்டியிருந்த சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவி மறைத்துக்கொள்கிறார் ராஸ்சுந்தரி. மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். இந்த ஏட்டின் எழுத்தை அந்த ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டு, சிறுவயதில் தாய்வீட்டு வெளிமுற்றத்துப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் உரக்கச் சொல்லக் கேட்ட ஒலியோடு இணைத்து, மாதக்கணக்கில் எழுத்துக் கூட்டுகிறார். அந்தப் பள்ளியில் அவரை யாரும் படிக்கச் சொல்லவில்லை. வாய் பேசாத குழந்தைபோல ஓர் ஓரத்தில் உட்கார்த்திவைத்திருந்தார்கள், அவ்வளவே. காதில் விழுந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

இதுவரை யாவரும் சொல்வது. இனி நாம் சொல்ல விரும்புவது: இவ்வாறு கற்றுக்கொண்டது வாசிப்பை மட்டுமே. எழுத அவருக்குத் தெரியாது. நம் ஊர்ப் பங்குகளிலும் இத்தகைய பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். பழைய செபப் புத்தகத்தை விரல் வைத்து வரிவரியாக வாசிப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டிலோ பத்திரத்திலோ கையெழுத்திடச் சொன்னால் பெருவிரலை நீட்டுவார்கள். வாசிப்பதும் எழுதுவதும் ஒரே கல்வியின் இரு பாதிகள் என்று பள்ளிக்கூடம் சென்ற நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அவ்விரண்டுக்கும் நடுவே ஓர் ஆயுள் கிடந்தது.

அந்த இடைவெளிக்கான காரணத்தை ராஸ்சுந்தரியே நேராகச் சொல்லிவிடுகிறார். வாசிக்க ஓர் ஏடும் ஒரு மறைவும் போதும். எழுதுவதற்கு மையும் பேனாவும் தாளும் வேண்டும்; அவற்றைப் பரப்பிவைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்காரவும் வேண்டும். உட்காருவதற்குத்தான் அவருக்கு இடமும் இல்லை, பொழுதும் இல்லை. வெளியூரில் படித்த மகன், தன் கடிதங்களுக்கு அம்மா ஏன் பதில் எழுதுவதில்லை என்று கடிந்துகொண்டு தாளும் பேனாவும் மையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். அப்போதும் உடனே எழுத முடியவில்லை. கணவரின் நோய்க்குச் சிகிச்சை பார்க்க மகன் வேலைபார்த்த ஊரில் சென்று தங்கியபோதுதான், பெரிய குடும்பத்தின் அடுப்பிலிருந்து விலகிய அந்த இடைக்காலத்தில்தான், கை எழுத்துக்குப் பழகுகிறது. வர்ஜீனியா உல்ஃப் எழுதவிரும்பும் பெண்ணுக்குத் தனி அறை ஒன்று வேண்டுமென்று வாதிட்ட நூல் 1929இல் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கூட்டுக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் மைக்கூடு வைக்க இடமில்லை என்ற ஒரே விவரத்தில் அதைச் சொல்லிவிட்டார்.

ஆகவே நூலின் உண்மையான பிறப்பிடம் முதுமையே எனலாம். கைம்மையைப் பற்றி அவர் எழுதும் பகுதி மிகச் சிறியது, ஆனால் கூர்மையானது. நூறு பிள்ளைகளைப் பெற்றிருந்தாலும் கணவனை இழந்தவளை உலகம் அபாக்கியவதி என்றே பார்க்கும் என்று குறைபட்டுக்கொள்கிறார். தலை மழிக்கப்படுவதைச் சாவினும் கொடிய நோவாக உணர்கிறார். படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்ற பழைய பயமுறுத்தல் இருக்கிறதே, அவர் விஷயத்தில் அதன் ஒழுங்கு தலைகீழாயிற்று. கைம்பெண் ஆனபின்னரே தாம் எழுதியதை உலகின் கையில் கொடுத்தார். இதை அவர் எங்கும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை. ஆண்டுக் கணக்கைப் பார்த்து நாம்தான் சொல்கிறோம்.

முதுமை அவருக்குக் கொடுத்த இன்னொரு கொடை சிரிப்பு. நூலின் மிகச் சிறந்த பக்கங்களாக நாம் கருதுவது இந்தச் சிரிப்புள்ள பக்கங்களையே. ஜெயஹரி என்ற குதிரையின் கதையைப் பாருங்கள். அது கணவர் ஏறும் குதிரை. ஒருநாள் அது முற்றத்துக்கு வந்து, காயப்போட்டிருந்த நெல்லைத் தின்னத் தொடங்குகிறது. விரட்ட வேண்டியவர் வீட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறார். ஏனெனில் அது கணவருடைய குதிரை. அதன் முன்னால் போய் நின்றால் கணவர் முன்னால் நின்றதாகிவிடாதா? பிள்ளைகள் பெற்ற தாய், ஒரு விலங்கின் பார்வைக்கு நாணி மறைந்து நின்றதை நினைத்து, முதியவர் எழுதும்போது தம்மையே பார்த்து நகைக்கிறார். ‘நாணம் பெண்ணுக்கு அணிகலன்’ என்று எத்தனையோ உபதேசங்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்த அணிகலன் எவ்வளவு நீளம் நீண்டு குதிரை லாயம் வரை போகிறது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பசியைப் பற்றிய பகுதி இதைவிடக் கடுமையானது. அதையும் அவர் அமைதியாகவே சொல்கிறார். எல்லோருக்கும் பரிமாறி முடித்துத் தாம் உண்ண உட்காரும் நேரம் பார்த்து ஒரு விருந்தாளி வருகிறார். சோறு அவருக்குப் போகிறது. மறுபடி உட்காரும் நேரம் குழந்தை எழுந்து அழுகிறது. இப்படியே வேளைகள் தவறி ஒன்று இரண்டாகிறது. சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டில், சோற்றைச் சமைத்த கையே பட்டினி. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. கொடியவர் என்று எவரையும் அவர் சுட்டவில்லை என்பதே இப்பகுதியின் வலிமை. வீட்டார் நல்லவர்கள் என்றே மீண்டும் மீண்டும் சொல்கிறார். நல்லவர்கள் நிறைந்த வீட்டில் ஒருத்தி உண்டாளா என்று பார்க்க ஆளில்லாமற்போவதை, கொடுமைக்கார மாமியார் கதைகளில் பழகிப்போன நம் கதாசிரியர்கள் இங்கே வந்து கற்கலாம்.

கணவரையும் அவர் நல்ல எசமானராகவே பேசுகிறார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் பக்கங்கள் சொற்பம். இருந்தும் தொலைவிலிருப்பவராகவே அவர் நூலில் நடமாடுகிறார். தாய்க்குக் கிடைக்கும் பக்கங்களோ வேறு. பயம் வந்தால் குலதெய்வமான தயாமாதவனைக் கூப்பிடு என்று சிறுமிக்குச் சொல்லித்தந்தவள் அந்தத் தாய். அவள் இறக்கும் தறுவாயில் மகளால் சென்று பார்க்க இயலவில்லை. மகனாய்ப் பிறந்திருந்தால் பறவைபோலப் பறந்து போயிருப்பேனே என்று புலம்பும் இடத்தில் மட்டும் அந்த அமைதி உடைந்துவிடுகிறது. கூண்டுப் பறவை, கண் கட்டிய செக்குமாடு, சிறைக் கைதி என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் உவமைகள் நூல் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. பிறந்தகத்துக்குப் போய்வந்ததைக் கைதிக்குக் கிடைத்த விடுப்பாகவே நினைவுகூர்கிறார்.

இங்கேதான் திறனாய்வாளர்கள் பிரிகின்றனர். நூலுக்கு முன்னுரை தந்தவர்களுள் ஒருவரான தினேஷ் சந்திர சேன், இதனைப் பழங்கால இந்துப் பெண்குலம் முழுவதற்குமான சித்திரமாகக் கண்டு போற்றினார். அன்பும் பணிவும் பொறுமையும் கொண்ட இல்லத்தரசி அவருக்குக் கிடைத்தாள். பிற்காலத்தார் பலர் எதிர்ப்புறம் நின்று, பக்தி வெறும் போர்வை, உள்ளே இருப்பது கலகம் என்று வாசித்தனர். 1999இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் தனிகா சர்க்கார் அவ்வளவு எளிதாக எதையும் தள்ளவில்லை. பக்தியே இப்பெண்ணுக்கு எழுத்தின் வாயிலைத் திறந்தது என்பதைப் பொறுமையாகக் காட்டுகிறார். நமக்கு இப்பார்வையே ஏற்புடையது. ஏடு வேண்டும் என்று ராஸ்சுந்தரி ஏங்கியது கடிதம் எழுதவோ கணக்குப் பார்க்கவோ அன்று. இறைவனின் கதையைப் பிறர் வாய்வழி அன்றித் தாமே அறிய வேண்டும் என்பதற்காக. அத்தகைய ஏக்கத்தைப் போர்வை என்று தள்ளுபவர் நூலின் பாதியைக் கிழித்துவிடுகிறார். அதே வேளையில், இறைவன் தந்த கல்வி என்று அவர் சொல்லும்போதெல்லாம், மனிதர் தர மறுத்த கல்வி என்ற மறுபாதியும் ஒலிக்கிறது. அதைக் கேளாதவர் தினேஷ் சந்திரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

பெரியவர்கள் சபித்த கலிகாலத்தை இவர் வாழ்த்துகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. இக்காலத்துப் பெண்கள் பேறுபெற்றவர்கள், பெற்றோரே அவர்களைப் படிக்கவைக்கிறார்கள் என்று மகிழ்கிறார். பழங்காலமே பொற்காலம் என்னும் முதியோர் வழக்கம் இவரிடம் இல்லை. பொறாமையும் இல்லை. தாம் வாசிக்கக் கற்றதை அறிந்துகொண்ட வீட்டுப் பெண்களுக்கு, காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டு ரகசியமாகப் படித்துக்காட்டியவர் அல்லவா!

குறைகளும் உண்டு. சொன்னதைத் திரும்பச் சொல்வது அதிகம். வெளியுலகம் ஏறக்குறைய இல்லை. அவர் வாழ்ந்த காலத்து வங்காளம் எப்படிக் கொந்தளித்தது என்பதை இந்நூலை மட்டும் வைத்து யாராலும் ஊகிக்க முடியாது. முற்றத்தைத் தாண்டி எதையும் பார்க்கவிடாத வாழ்க்கை, நூலிலும் முற்றத்தோடு நின்றுவிட்டது.

இரண்டாம் பாகத்தை நாம் முதலில் வாசித்தபோது ஏமாற்றமே மிஞ்சிற்று. குதிரையும் பசியும் அடுக்களையும் அங்கே இல்லை. கனவுகள், காட்சிகள், துதிகள். சிறு சிறு கட்டுரைகள். முதற் பாகத்தின் வலுவில் இது தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே குறித்துவைத்தோம். பின்னர் அந்த மூதாட்டியின் வயதை நினைவில் இருத்தி மறுபடி வாசித்தோம். முதற் பாகத்தில் அவர் எழுதியது மருமகளாக, மனைவியாக, தாயாக, அதாவது பிறர் சார்ந்து வாழ்ந்த வாழ்க்கையை. கணவர் இல்லை, பிள்ளைகளுள் பலரும் இல்லை, குடும்பம் இவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. எண்பத்தெட்டு வயதில் எஞ்சியிருப்பது அவரும், குழந்தையில் அம்மா சொல்லித்தந்த அந்தத் தெய்வமும்தான். தம் உடல் எப்போது எப்படி இவ்வளவு மாறிற்று என்று வியப்பவர், அந்த உடலைக்கொண்டு இன்னும் எழுத உட்காருகிறார். இப்பகுதி முதற் பாகத்துக்கு ஈடாகாது என்ற நம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அது வேண்டாத ஒட்டு என்று முன்பு குறித்ததை அடித்துவிட்டோம்.

நூலுக்கு அறிமுகம் எழுதிய ஜோதிரிந்திரநாத் தாகூர், சிறப்பான இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வாசிக்கத் தொடங்கி, முடிவில் நூல் முழுதும் கோடாகிவிட்டதைக் கண்டாராம். 1999இல் எனாக்ஷி சாட்டர்ஜியின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்த பிரதியிலேயே நாம் இதை வாசித்தோம். நம் பிரதியில் அப்படி ஆகவில்லை. முதற் பாகத்தில் கோடுகள் நெருக்கமாக உள்ளன. இரண்டாம் பாகத்தில் மூன்றே இடங்கள். அம்மூன்றும் இரண்டாம் வாசிப்பில் விழுந்தவை.