வாளும் கேடயமும் வரலாறாகுமா?

சென்ற காலத்தைச் சிறார்க்கு எவ்வாறு உணர்த்துவது என்பது கல்வியுலகின் பழைய வினா. ஏட்டில் எழுதிக் காட்டலாம், வாயால் எடுத்துரைக்கலாம், இடிந்த கோட்டைகளுக்கு அழைத்துச் சென்று காட்டலாம். இம்மூன்றுக்கும் மேலாக நான்காவது வழியொன்றை மேனாட்டார் கைக்கொண்டுள்ளனர். அக்காலத்து உடையை உடுத்து, அக்காலத்துத் தொழிலைச் செய்து, அக்காலத்து உணவை உண்டு, ஒரு பகற்பொழுதேனும் அக்காலத்தவராகவே வாழ்ந்து பார்ப்பது அவ்வழி. அதனை 'வாழும் வரலாறு' என்பர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கும் அமெரிக்கப் பெற்றோர் பலர், ஐரோப்பாவின் இடைக்கால வாழ்வைக் கற்பிக்க இவ்வழியை நாடுகின்றனர். அந்நாட்டில் குடியேறி இல்லக்கல்வி நடத்தும் முஸ்லிம் குடும்பங்களும் உள்ளன. மேலும், அவர்கள் காட்டும் இடைக்காலம் பக்தாதும் குர்துபாவும் கெய்ரோவும் கல்வியால் ஒளிவீசிய காலமும் ஆகும். ஆதலின் இம்முறையின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நமக்கும் உரிய பணியே.

இம்முறை நேற்று முளைத்ததன்று. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 1891இல் திறக்கப்பட்ட ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகம் இதற்கு முன்னோடி. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், 1966இல் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிஸம்' என்னும் கழகம் தோன்றியது. பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்வைச் செய்து பார்த்து அறிவது அதன் குறிக்கோள். இல்லக்கல்வியும் அந்நாட்டில் அதன் பின்னர் வலுப்பெற்றது. ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர் 1977இல் அதற்கெனவே ஓர் இதழ் தொடங்கினார். 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. இவ்விரு ஓடைகளும் ஒன்று கலந்த இடமே நாம் பேசும் நிகழ்ச்சிகள். பூங்காவிலோ திடலிலோ கூடாரங்கள் எழும். ஒரு மூலையில் உலைக்களம். ஒரு மூலையில் தறி. ஒரு மூலையில் இறகு எழுதுகோலும் தோல் ஏடும். நடுவே கவசம் பூண்ட வீரர்கள் மோதிக்கொள்வர். அவர்கள் ஏந்தும் வாள் பெரும்பாலும் பிரம்பினால் ஆனது. பிரம்பு அங்கே கற்பவனை அச்சுறுத்தாமல் களிப்பூட்டுகிறது என்பதே ஒரு நற்செய்திதான்!

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. தக்களியைச் சுழற்றி ஒரு முழ நூல் நூற்ற சிறுமிக்கு, ஒரு சட்டைக்குப் பின்னே எத்தனை நாளின் உழைப்பு இருந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. இரும்பு வளையங்களைக் கோத்த கவசச் சட்டை 10 கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்று படிப்பது வேறு. அதைத் தோளில் சுமப்பது வேறு. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கற்கின்றனர் என்பதும் சிறிய பயனன்று.

இன்னும் ஒரு நன்மை உண்டு. அது நம் முன்னோரின் அறிவு நெறியோடு ஒத்தது. அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 732–808, கி.பி. 1332–1406) தம் முகத்திமாவில் வரலாற்றாசிரியர்களைக் கண்டிக்கும் இடம் புகழ் பெற்றது. பனூ இஸ்ராயீல்களின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்னும் செய்தியை எடுத்துக்கொண்டு, அத்துணை பெரிய படை ஒரு களத்தில் அணிவகுக்க முடியுமா, ஒரு பக்கத்தில் நடப்பதை மறுபக்கம் அறியுமா என்று கேட்டு, அவ்வெண்ணிக்கையை அவர்கள் மறுக்கிறார்கள். செய்தியை ஏற்குமுன் அது நடக்கக்கூடியதா என்று உலகியல்போடு ஒப்பிட்டு நோக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கெதெலோன் என்னுமிடத்தில் 1997 முதல் ஒரு கோட்டையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைப்படியே கட்டி வருகின்றனர். கல் அங்கேயே வெட்டப்படுகிறது. மரம் அக்காட்டிலேயே அறுக்கப்படுகிறது. மனிதர் உள்ளே நின்று நடந்து சுழற்றும் பெரிய மரச்சக்கரத்தால் பாரம் மேலேறுகிறது. அறிஞர்கள் ஏட்டில் எழுதிய ஊகங்களை அங்கே கல்லும் சாந்தும் சோதிக்கின்றன. இப்னு கல்தூனின் அளவுகோலைக் கையால் பிடித்துப் பார்ப்பது இது எனலாம்.

ஆயின் இங்கேதான் ஒரு நுண்ணிய வேறுபாட்டை மறந்துவிடலாகாது. நம் மத்ரஸாக்களில் மன்திக் பயின்றவர்கள் 'இம்கான்' என்பதையும் 'உகூஃ' என்பதையும் பிரித்தறிவர். ஒன்று, நடக்கக்கூடியது, மற்றொன்று, நடந்தது. கை வேலை இம்கானை நிறுவும், உகூஃவை நிறுவாது. இப்படிச் செய்ய முடியும் என்பதனால் இப்படித்தான் செய்தார்கள் என்றாகிவிடாது. வாழும் வரலாற்று நிகழ்ச்சிகளின் குறை பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில் பிறக்கிறது. குழந்தை கண்ணால் கண்டதை நம்பும். ஏட்டில் உள்ளதையாவது ஐயுறலாம். தன் கையால் செய்ததை அது எவ்வாறு ஐயுறும்?

சான்றுகள் காட்டுவோம். அமெரிக்காவில் 1963 முதல் நடந்துவரும் 'மறுமலர்ச்சி விழா'க்களில் வான்கோழிக் கால் பெயர்பெற்ற தின்பண்டம். இடைக்கால விருந்து இதுவே என்று பிள்ளைகள் எண்ணிச் சுவைக்கின்றனர். வான்கோழியோ அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்ததன் பின்னரே அது ஐரோப்பியர் தட்டுக்கு வந்தது. முன்னர்க் கூறிய கழகம் இத்தகைய வணிக விழாக்களைவிடக் கருத்தோடு உழைப்பது. எனினும், அங்கும் வாட்போட்டியில் வென்றவரே அரசராகிறார். வந்தவரெல்லாம் உயர்குடியினராகவே மதிக்கப்படுகின்றனர். உண்மை இடைக்காலத்தில் அரியணையைப் பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்தது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் உழவர். அவருள் பலர் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவர். எல்லாரும் பிரபுக்களாகிவிட்ட நாட்டில் உழுதவர் யார்? அப்பிள்ளைகள் கேட்க வேண்டிய முதல் வினா அதுவன்றோ?

ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளரின் பிறப்பாண்டையும் அவருடைய ஆசிரியரின் இறப்பாண்டையும் ஒப்பிட்டு, இருவரும் சந்தித்திருக்க இயலாது எனக் கண்டால் அச்சங்கிலி அறுந்தது என்று ஒதுக்கிவிடுவர். கி.பி. 1200ஆம் ஆண்டு விருந்தில் வான்கோழி வைப்பது, ஆசிரியர் மறைந்தபின் பிறந்தவர் 'அவரிடம் கேட்டேன்' என்று கூறுவதை ஒத்தது. நபிமொழிக்குரிய உயர்வை உலகச் செய்திக்குத் தருவது நம் கருத்தன்று. அந்த ஆய்வு முறையை மட்டும் கடன் வாங்கலாம் என்கிறோம். காட்டப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஸனத் கூறப்படட்டும். 'இக்காலணி யார்க் நகரில் மண்ணைத் தோண்டி எடுத்த காலணியைப் பார்த்துத் தைத்தது', 'இந்நிறம் ஓவியத்தைக் கண்டு ஊகித்தது', 'இது வசதிக்காக நாங்கள் சேர்த்தது' என்று மூவகையாகப் பிரித்துச் சொல்வதில் களிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. 'இதை யாரிடமிருந்து அறிந்தீர்?' என்று கேட்கப் பழகிய பிள்ளை வாழ்நாள் முழுதும் பொய்ச்செய்திக்கு எளிதில் இரையாகாது.

இனி, காட்டாமல் விடப்படுவன. 1348ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் கொள்ளை நோய் கொண்டுபோன உயிர்களுக்குக் கணக்கில்லை. இப்னு கல்தூன் தம் பெற்றோரை இழந்ததும் அந்நோயினால்தான். பல சமயத்தார் கூடும் இடத்தில் வழிபாட்டை ஒதுக்கி வைப்பது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் மாதாகோயில் மணியும் பாங்கோசையும் நாளைப் பகுத்த ஒரு காலத்தை, அவை இரண்டும் இன்றிக் காட்டுவது உயிரற்ற உடலைக் காட்டுவதாகும்.

அண்டை உலகமும் விடப்படுகிறது. ஆங்கிலக் கவிஞர் சாஸர் 1391இல், பத்து வயதான லூயிஸ் என்னும் சிறுவனுக்காக உஸ்துர்லாப் என்னும் வானியற் கருவியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். லத்தீன் அவனுக்கு எட்டாது என்று ஆங்கிலத்திலேயே எழுதினார். இல்லக்கல்விப் பாடநூலுக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி உண்டோ? அந்நூலுக்கு அவர் பெரிதும் பயன்படுத்தியது, அப்பாஸியர் காலத்து யூத வானியலார் மாஷா அல்லாஹ்வின் பெயரால் வழங்கிய லத்தீன் நூல். அல்தபரான் என்னும் அறபுப் பெயர் இன்றும் ஆங்கிலத்தில் விண்மீன் பெயராக வழங்குகிறது. பீஸா நகரத்து லெயொனார்டோ, வட ஆப்பிரிக்காவின் பிஜாயாத் துறைமுகத்தில் பணியாற்றிய தம் தந்தையிடம் சிறுவனாகச் சென்று நம் எண்முறையைக் கற்று, 1202இல் அதை ஐரோப்பாவுக்கு எழுதிக் கொடுத்தார். வாளுக்குப் பக்கத்தில் ஓர் உஸ்துர்லாபையும் வைத்தால் போதும். இடைக்காலத்தின் மறுபாதி எழுந்து நிற்கும்.

இவ்வளவு சொன்ன நாம், நம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். சிலுவைப் போர்க் காலத்தில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் (ஹிஜ்ரி 488–584, கி.பி. 1095–1188) தம் நினைவுக் குறிப்பான கிதாபுல் இஃதிபாரில், பரங்கி மருத்துவன் ஒருவன் நோயாளியின் காலைக் கோடரியால் வெட்டுவித்துக் கொன்ற கதையை எழுதியுள்ளார். மேடைதோறும் நம்மவர் அதை எடுத்துரைத்து மகிழ்வர். அங்கே அனுப்பப்பட்ட கீழைநாட்டு மருத்துவர் ஒரு கிறிஸ்தவர் என்பதைச் சொல்வதில்லை. அக்கதையை அடுத்து, பரங்கியரின் மருத்துவம் பலித்த நிகழ்ச்சிகளையும் உஸாமா எழுதியுள்ளார் என்பதையும் சொல்வதில்லை. பாதியைக் காட்டி மீதியை மறைப்பது, எல்லாரையும் பிரபுவாக்கும் திடலுக்குச் சற்றும் குறைந்த நாடகமன்று. பொற்காலப் பெருமையை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை, நாளை மறுபாதியைப் பிறர் வாயால் கேட்கும்போது நம்மையே ஐயுறும்.

அதே நூலில் வேறொரு செய்தி உண்டு. உஸாமாவைச் சகோதரர் என்றே அழைத்து நட்புப் பாராட்டிய ஒரு பரங்கி வீரர் தாய்நாடு திரும்பும்போது, உஸாமாவின் பதினான்கு வயது மகனைத் தம்முடன் அனுப்புமாறு கேட்டார். வீரர்களைக் கண்டு, அறிவும் வீரமும் கற்றுத் திரும்பட்டும் என்றார். உஸாமாவின் உள்ளம் அதை ஏற்கவில்லை. ஆனால் நண்பரின் மனம் நோகாதபடி, பையனின் பாட்டி அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாக்குறுதி வாங்கியிருப்பதாகக் கூறினார். உம் தாய் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்ட அவ்வீரர், ஆம் என்றதும், அவர் சொல்லை மீற வேண்டா என்று சொல்லிவிட்டார். வாளும் கேடயமும் மோதிய அதே நாட்டில், பகைவராகப் பிறந்த இருவர் ஒரு தாயின் சொல்லை மதிப்பதில் ஒன்றுபட்டனர். எந்தத் திடலிலும் இக்காட்சியை நடித்துக் காட்டலாம், செலவு ஒன்றுமில்லை, ஸனதும் தெளிவாக உள்ளது. வாழும் வரலாறு நடத்துவோர், தம் பிள்ளைகள் ஆணாயினும் பெண்ணாயினும், வாளேந்தும் நேரத்தில் ஒரு நாழிகையை இதற்கும் ஒதுக்குவாராக.