மரிக்கார் ராமதாஸும் பெயர் ஒட்டாத ஐயரும்

மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். ஈழத்து நாடகம், சினிமா பற்றி எழுதுவோர் இப்பெயர்களை இன்றும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பாத்திரம் முன்னால், நடிகன் பின்னால். அதே குழுவில் நாலாவது ஆளாக இருந்த பி. எச். அப்துல் ஹமீதை மட்டும் எவரும் 'ஐயர் அப்துல் ஹமீத்' என்று எழுதுவதில்லை. ஐயராக நடித்தவர் அவர்தான். இந்தச் சின்ன வித்தியாசம் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்றொரு நகைச்சுவைத் தொடர் நாடகம் ஒலிபரப்பானது. எழுதியவர் எஸ். ராமதாஸ். அதுவே 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. ராமதாஸ் மரிக்காராக வந்தார், எஸ். செல்வசேகரன் தமிழைக் கொச்சையாகப் பேசும் சிங்களவர் உபாலியாக வந்தார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி. முஸ்லிம் அல்லாத ஒருவர் முஸ்லிம், தமிழர் சிங்களவர், முஸ்லிம் ஐயர். இந்நாட்டின் பிற்காலத்தை அறிந்த நமக்கு இப்படியொரு வேடப் பங்கீடு கதைபோலத் தோன்றும். அன்று அதை யாரும் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

நான் அந்த ஒலிபரப்பைக் கேட்கும் வயதில் பிறந்திருக்கவில்லை. எனக்கு மரிக்காரைத் தெரிந்தது மர்ஹூம் வாப்பாவின் வாய்வழியாகத்தான். கட்டுகஸ்தோட்டையில் கடை சாத்திவிட்டு வந்து, சோற்றுக்கு முன்னால் பாயில் இருந்தபடி மரிக்கார் பேசிக் காட்டுவார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "அவன் எங்கட ஆள் இல்ல, ஆனா எங்கட கதய நல்லாப் புடிச்சீக்கான்" என்பது வாப்பாவின் விமர்சனம். பின்னாளில் நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிட அதிகமாக ராமதாஸைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆனால் வளர்ந்தபின் எனக்கு அந்தச் சிரிப்பு கசந்தது. காரணம் இருக்கிறது. நான் பயிற்சி பெற்ற ஆசிரியர் கலாசாலையில் கலைவிழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். "சேர், நீங்க மரிக்கார் மாதிரிப் பேசினாப் போதும்" என்று முஸ்லிம் வியாபாரி வேடத்தை என்னிடம் தந்தார்கள். வீட்டில் நாள்தோறும் பேசும் தமிழ், மேடையில் வாயில் வரவில்லை. ஒவ்வொரு வசனமும் செய்தி வாசிப்பது போலிருந்தது. மூன்றாம் நாள் என்னை மாற்றிவிட்டு மட்டக்களப்புத் தமிழ் நண்பர் ஒருவரைப் போட்டார்கள். மண்டபம் அதிர்ந்தது. அன்றிலிருந்து சில ஆண்டுகள் 'மரிக்கார் என்பது நம்மை இழிவுபடுத்தவென்று பிறர் செய்துவைத்த பொம்மை' என்று சொல்லித் திரிந்தேன்.

அதில் பாதி உண்மை இன்றும் உண்டு. மரிக்கார் என்பது மேற்குக் கரையோரத்துப் பெயர். எங்கள் ஊரில் அப்பெயரில் ஒருவரும் இல்லை. அக்குறணையின் பேச்சு வேறு, காத்தான்குடியின் பேச்சு வேறு, புத்தளத்தின் பேச்சு வேறு. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய், அதுவும் வியாபாரியின் வாய் என்றாகிவிட்டது. பஸ்ஸில் ஆசனம் பிடித்துத் தரும் தமிழ் நண்பரும் "என்ன மரிக்கார்" என்று அன்பாகத்தான் அழைத்தார். அந்த அன்புக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மற்றப் பாதி ராமதாஸின் கலை. அதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். ஹமீதின் ஐயரோடு ஒப்பிட்டால் துலங்கும். ஐயர் பாஷை இலங்கை நேயருக்குப் பெரும்பாலும் தென்னிந்தியப் படங்கள் மூலம் அறிமுகமான ஒன்று. அடுத்த வீட்டுக்காரனின் பேச்சல்ல. மரிக்காரின் பேச்சோ கடையில், பஸ்ஸில், வீதியில் காது கொடுத்துப் பொறுக்கியது. வசனத்தின் இழுவை, கேள்வியில் ஏறும் குரல், கோபத்திலும் விடாத வியாபாரத் தணிவு, இவை புத்தகத்தில் கிடைப்பன அல்ல. எங்கள் பேச்சைத் தமிழர் ஒருவர் அவ்வளவு நேரம் நின்று கேட்டிருக்கிறார்.

ஹமீதுக்கு ஏன் பெயர் ஒட்டவில்லை? அவர் அறிவிப்பாளர், 'பாட்டுக்குப் பாட்டு' அவரை எங்கோ கொண்டுபோய்விட்டது என்பார்கள். சரிதான். ஆனால் அவர் புகழ் பெற்றது எவருடைய ஊரும் தெரியாத, பிசிறில்லாத தமிழால். 2000இல் வெளிவந்த 'தெனாலி'க்காகக் கமல்ஹாசனுக்கு இலங்கைத் தமிழ் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. ஒரு முஸ்லிம் எல்லாருடைய தமிழையும் பேசிக் காட்டலாம், கற்பிக்கலாம். தன் வீட்டுத் தமிழைப் பேசிக் காட்ட வேறொருவர் வரவேண்டியிருந்தது. இதை ஹமீதின் மீதான குறையாக நான் சொல்லவில்லை. நம் எல்லாருடைய நிலையும் அதுதான். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் எழுதிய அசன்பேயின் கதை மிசுறிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கிறது. நான் கேட்டு வளர்ந்த முஸ்லிம் சேவை நாடகங்களிலும் வாப்பாமார் பெரும்பாலும் மேடைப் பேச்சாளர் போலவே மகனைக் கண்டித்தார்கள்.

அந்த நடிகர்கள் இதனால் பெற்றதும் பெரிதில்லை. 1963இல் 'தோட்டக்காரி' வந்த காலந்தொட்டு இங்கு தயாரான தமிழ்ப் படங்கள் சொற்பம். தென்னிந்தியப் படங்களுக்கு முன்னால் அவை நின்றுபிடிக்கவும் இல்லை. 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. செல்வசேகரன் 2012இல் மறைந்தார். ராமதாஸ் 2016இல் சென்னையில் மறைந்தார். என் கண்ணில் பட்ட அஞ்சலிகளில் நம்மவர் எழுதியவை குறைவு. நாற்பது வருடம் நம் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்த மனிதருக்கு, திட்டியாவது ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். 2018 மார்ச்சில் திகனப் பக்கம் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபின், தொப்பி போட்ட ஒரு வேடிக்கை மனிதனை மேடையேற்ற நாமே தயங்குகிறோம். சென்ற ஆண்டு தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளே ஒரு சிறு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார்கள். தேநீர்க்கடை நானா, கடனுக்குச் சீனி கேட்டு வரும் பியதாச மாமா, பணம் கேட்டு நிற்கும் ராத்தா. 'ஈக்கி', 'செல்லுங்க', 'பெய்த்து வாரன்' என்று பக்கத்துக்குப் பக்கம். நடுவர்கள் புள்ளியைக் குறைப்பார்கள் என்று சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் 'இருக்கிறது', 'சொல்லுங்கள்', 'போய் வருகிறேன்' என்று திருத்தினேன். "உம்மா செல்ற மாதிரித்தான் எழுதின சேர்" என்றாள் எழுதிய பிள்ளை. பியதாச மாமாவின் கொச்சைத் தமிழில் மட்டும் நான் கை வைக்கவில்லை. ஏனென்று அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் ஒத்திகையில் பியதாச மாமா வந்தபோது மட்டும் பிள்ளைகள் சிரித்தார்கள்.