புண் காக்கும் வீரம்

புறநானூறு என்றதும் மேடையில் முழங்குவது எது? களத்திலே மகன் சிதைந்து கிடக்கக் கண்டு மகிழ்ந்த முதுதாயின் பாட்டு (278). கணவனைப் போரில் இழந்த மறுநாளே ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பிய மறக்குடி மகளின் பாட்டு (279). காக்கைபாடினியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் தந்த அப்பாடல்களின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: வீழ்ந்தவனைப் போற்றினோம், வீழாமல், புண்பட்டு வீடு திரும்பியவனை எங்கே வைத்தோம்?

விடை தொலைவில் இல்லை. இரண்டு பாட்டுத் தள்ளியே இருக்கிறது. அரிசில்கிழாரின் 281ஆம் பாட்டிலே வெற்றி முழக்கம் இல்லை. வீட்டிலே இரவ இலையும் வேப்பிலையும் செருகி, வெண்கடுகு தூவி, யாழிசைத்து, நறும்புகையிட்டு, புண்பட்டவனைக் காப்போம் வா என்று தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. வேந்தனுக்கு வந்த இடரைத் தாங்கியதால் வந்த புண் அது! போர் வேந்தனுடையது, புண்ணோ வீட்டினுடையது. பேய் அண்டும் என்ற அச்சம் அக்கால அறியாமை, அதைத் தள்ளுவோம். புண்ணைக் காக்க முனைந்த அன்பு உண்மை, அதைக் கொள்வோம்.

தொல்காப்பியம் இதற்குத் தொடாக் காஞ்சி என்று துறையே வகுத்தது. ஆனால் அங்கே காப்பவள் மனைவி. அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டும் பதினைந்து வயதுத் தங்கைக்கு, தமக்கையைத் தோளில் தாங்கும் தம்பிக்கு, எந்தத் துறை?

ஏட்டில் இல்லாதவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். 2009 பிப்ரவரி முதல் மே வரை, ஈழத்தின் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் கப்பலேற்றி மீட்டவர் 13,000க்கும் மேற்பட்டோர். அவர்கள் புண்பட்டோரும் நோயுற்றோரும் மட்டுமல்லர். உடன்நின்று காத்த உறவினரும் அக்கணக்கில் அடங்குவர். குண்டு பெற்றோரைப் பறித்த வீட்டில் உடன்பிறப்பே தாயாகிறது அன்றோ?

அக்கடமையின் எடையை அறியப் போர்க்களம் வரை போக வேண்டுவதில்லை. எங்கள் போடிநாயக்கனூருக்கு வாருங்கள். விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டம் செல்லும் தாய்மார் அந்தி சாயத் திரும்பும்வரை, தம்பி தங்கையரைக் காப்போர் வகுப்பிலே நாம் காணும் பிள்ளைகளே. காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்காக வீட்டிலிருந்துவிட்ட மாணவியின் பெயருக்கு நேரே, பதிவேடு 'வரவில்லை' என்று மட்டுமே எழுதும். களத்திற்குப் போன மகனை இலக்கியம் எழுதியது. வீட்டைக் காத்த மகளை யார் எழுதுவது?

தோழர்களே! 279 முழங்கும் மேடையிலே 281உம் ஒலிக்கட்டும். வேல் பிடித்த கைக்குப் பாட்டுகள் உண்டு. புண்ணுக்குக் கட்டுப்போடும் இளங்கைக்கு ஒரு பாட்டு வேண்டும். அதை எழுத வேண்டியவர் நீங்களே!