கூலிக்கு வாசித்த பேஸ்

லூ ரீடின் ‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ பாட்டைக் கேட்டவர்களிடம் அதை முணுமுணுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் வரிகளை விட்டுவிட்டு பேஸைத்தான் முணுமுணுப்பார்கள். 1972இல் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில், கூலிக்கு வாசிக்கும் கலைஞரான ஹெர்பி ஃபிளவர்ஸ் அதை முதலில் டபுள் பேஸில் வாசித்தார். பிறகு அதன்மேல் எலக்ட்ரிக் பேஸை மேல் ஸ்தாயியில் ஏற்றிப் பதிவுசெய்தார். பாட்டின் பெரும்பகுதி இரண்டே கார்டுகளில் ஓடுகிறது. அவற்றுக்கிடையே வழுக்கிப் போய்வரும் அந்த இரட்டை பேஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் பேச்சு. இரண்டாவது கருவி எதற்காம்? இரண்டு வாசித்தால் இரட்டைக் கூலி என்பதுதான் ஃபிளவர்ஸ் பின்னாளில் சொன்ன காரணம். பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் ரீடின் பெயர் மட்டுமே இருக்கிறது.

இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஃபிளவர்ஸ் பிரிட்டிஷ் விமானப்படை இசைக்குழுவில் டியூபா ஊதியவர். டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’க்கும், டேவிட் எஸெக்ஸின் ‘ராக் ஆன்’ பாட்டுக்கும், டி. ரெக்ஸ் குழுவுக்கும் வாசித்தார். செஷன் எனப்படும் பதிவு அமர்வு அப்போது மூன்று மணி நேரம். அதற்குள் முன்பின் கேட்டிராத பாட்டுக்கு ஏற்ற ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். ‘ராக் ஆன்’ பாட்டைக் கேட்டால் அந்த நெருக்கடி கொடுத்த வரம் புரியும். கிட்டார், பியானோ என்று கார்டு பிடித்துக்கொடுக்க யாருமில்லை; தாளமும் எதிரொலிக்கும் பேஸும்தான் குரலைத் தாங்குகின்றன. ஒரே குழுவில் பத்து வருடம் உட்கார்ந்திருப்பவருக்கு இவ்வளவு விதமான பாட்டுகள் கைக்கு வந்திருக்காது.

கணக்கு இடிப்பது பணம் வரும்போதுதான். 1990இல் ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’ குழு ‘கேன் ஐ கிக் இட்?’ ராப் பாட்டுக்கு அந்த பேஸையே எடுத்தாண்டது. ராயல்டி ரீடுக்குப் போனது. சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் மெட்டும் வரிகளும்தான் பாட்டு. பேஸ் வெறும் வாசிப்பு. ஒலிபரப்பு வருவாயில் கூலிக்கு வாசித்தவருக்கும் பங்கு உண்டு என்று பிரிட்டிஷ் சட்டம் ஏற்றதே 1996இல்தான். இதில் வேடிக்கை, இதே ஃபிளவர்ஸ் ‘கிராண்டாட்’ என்ற பாட்டை கென்னி பிக்கெட்டோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். நகைச்சுவை நடிகர் கிளைவ் டன் பாடி, 1971 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தாத்தாவைப் பற்றிய அந்தக் குழந்தைத்தனமான பாட்டுக்கு அவர் ஆசிரியர். உலகம் முணுமுணுக்கும் பேஸுக்குக் கூலியாள்.

சுற்றுப்பயணத்தில் கூலிக்காரனின் கை கொஞ்சம் ஓங்கும். 1974 ஜூலையில் போவியின் ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சிகளை ஆல்பமாக வெளியிடப் பதிவுசெய்யப் போகிறார்கள் என்று குழுவினருக்குத் தெரிந்தது. அதற்குத் தனிச் சம்பளம் பேசப்படவில்லை. ஃபிளவர்ஸ் முன்னின்று பேரம் பேசினார். கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்ட பிறகே மேடையேறினார்கள். அரங்கம் நிரம்பிக் காத்திருக்கும்போது பேஸ் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஸ்டுடியோவில் அந்தப் பிடி கிடையாது. ஒலிநாடா ஏற்கெனவே தயாரிப்பாளர்கள் கையில்.

அப்படியானால் குழு உறுப்பினராகிவிட்டால் தீர்ந்ததா? ரோலிங் ஸ்டோன்ஸில் 1993 முதல் டாரில் ஜோன்ஸ் பேஸ் வாசிக்கிறார். மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தவர், இன்னும் அதிகாரப்பூர்வ உறுப்பினர் ஆகவில்லை. இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த பில் வைமன் முப்பது ஆண்டுகள் முழு உறுப்பினர். ‘ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பைக் கண்டுபிடித்தது தானே என்று அவர் சொல்லிவருகிறார். பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் குழுவின் ஜாகர், ரிச்சர்ட்ஸ் இருவர் பெயர்தான் இருக்கிறது. கோளாறு கூலிமுறையில் பாதிதான். மீதிப் பாதி, எதைப் பாட்டு என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.