பட்டாவுக்கு வரும் பணம்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் வைக்கும் ஒருவரிடம், "பி.எம். கிசான் பணம் வருதா?" என்று கேட்டேன். "வருதுங்க, நிலத்துக்காரருக்கு" என்றார். நிலத்துக்காரர் இருப்பது சென்னையில். சொல்லிவிட்டு மடையைத் திருப்ப மண்வெட்டியோடு போய்விட்டார். திட்டத்தின் பலமும் குறையும் அந்த ஒரு பதிலில் இருக்கின்றன. பணம் வருகிறது, உழுகிறவருக்கு வரவில்லை.

பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய இந்த விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. அரை ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவருக்கு, நடவு நேரத்தில் வரும் 2,000 ரூபாய் ஆள் கூலிக்கு வட்டிக்கு வாங்காமல் காப்பாற்றும். அதற்காக அவர் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் விதை, உழவு, கூலி எல்லாம் ஏறியும் தொடக்கத்தில் வைத்த தொகை ஏறவில்லை. நாள் கணக்கில் பார்த்தால் 17 ரூபாய்கூட இல்லை.

2020இல் தமிழகத்தில் நடந்த முறைகேடு இன்னொரு ஓட்டையைக் காட்டியது. பதிவு எளிதாக்கப்பட்டதும், தகுதியில்லாதவர்கள் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போனது. சிக்கிய மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. அதன்பின் சரிபார்ப்பு இறுகியது, அது நியாயமே. ஆனால் எத்தனை முறை சரிபார்த்தாலும் பார்ப்பது பட்டாவைத்தான், வயலை அல்ல.

மாமல்லபுரத்திலிருந்து செய்யூர் வரை கடலோர நிலங்கள் பலவும் வெளியூர்க்காரர் கையில். வருமான வரி கட்டும் உரிமையாளருக்கு இந்த உதவி கிடையாது. அது சரியான விதி. ஆனால் அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கும் கிடையாது. பயிர் நிற்கிறது, உழைப்பு நடக்கிறது. அந்த வயலுக்கு மட்டும் ஒரு ரூபாயும் இல்லை.

நிலமில்லாதவர் நிலை இன்னும் மோசம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள தலித் மக்களின் நிலமின்மையைப் பற்றி அறிக்கை எழுதினார். தலித் மக்களுக்கெனப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதற்கு அதுவே அடிப்படை. அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னர் கைமாறிப் போயிற்று. இன்று பட்டாவை அளவுகோலாக வைக்கும்போது, அந்தப் பழைய இழப்பின்மேல் புதிய இழப்பு ஏறுகிறது. சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களை இத்திட்டம் விவசாயி என்று எண்ணுவதே இல்லை.

உர மானியத்தில் இந்தக் குறை இல்லை. மூட்டை வாங்குகிறவர் யாரானாலும் விலை ஒன்றே. குத்தகைதாரருக்கும் அது சேர்கிறது. யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டி மண் கெடுவது அதன் தீமை. மானியத்தைக் குறைத்து எல்லாவற்றையும் ரொக்கமாக்கலாம் என்போர், குத்தகைதாரர் அந்தக் கணக்கில் எங்கே நிற்பார் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற குடும்பங்களுக்கும் ஆடு, கோழி வளர்க்க 12,500 ரூபாய் என்று ஒதுக்கியது. மனம் இருந்தால் வழி உண்டு.

தமிழகத்தில் குத்தகையைப் பதிய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பதிந்தால் நிலம் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுவதால் பல இடங்களில் குத்தகை வாய்ப்பேச்சோடு நிற்கிறது. ஆனாலும் அறுவடை முடிந்ததும் இதே குத்தகைதாரர், கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு அரசின் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடிகிறது. நெல்லை வாங்கும்போது அவரை விவசாயி என்று ஏற்கும் அரசு, அந்தச் சான்றையே உதவித்தொகைக்கும் ஏற்க வேண்டும். மடை திருப்பப் போனவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.